குளிர் வந்த பிறகும் தீ எச்சரிக்கையா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குக் கிழக்கே அரோராவில் குடும்பத்தோடு இருக்கிறாள். அக்டோபர் பிறந்ததிலிருந்து காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியவில்லை என்கிறாள். அதே வாரத்தில், "இன்று தீ அபாயம் அதிகம், வெளியில் அடுப்பு மூட்ட வேண்டாம்" என்று அவள் கைபேசிக்கு அறிவிப்பும் வருகிறது. வீடியோ அழைப்பில் பார்த்தால் அங்கே காடும் இல்லை, மரமும் அதிகம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான். இந்த வருஷம் மே, ஜூனில் நல்ல மழை என்றும் சொன்னாள். நம் பக்கம் காட்டுத்தீ என்றால் மாசி, பங்குனியில், அதுவும் மலைமேல்தான். குளிர் தொடங்கிய பிறகு, காடே இல்லாத இடத்தில், மழை பெய்த வருஷத்தில் தீக்கு ஏன் பயப்படுகிறார்கள்? இதை எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டும்? பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு. அவர்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கட்டாயம் பொருட்படுத்த வேண்டிய எச்சரிக்கை, ஐயா. குளிர், காடு இல்லாமை, நல்ல மழை என்று நீங்கள் ஆறுதலாகச் சொல்லும் மூன்றுமே அந்த ஊரில் தீக்குத் தடையாக இருப்பதில்லை. மழையோ தீக்கு உதவியே செய்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இடம். ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் தொடங்கி, கான்சஸ், நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, டெக்சஸ் மாநிலங்களின் மேற்குப் பகுதிகள் வரை விரிந்து கிடக்கும் மேட்டுச் சமவெளியை 'ஹை ப்ளெய்ன்ஸ்' என்பார்கள். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில், அதன் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போகப் போக நிலம் மெல்லச் சரிந்து இறங்கும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரத்தின் பெரும்பகுதி மலைகளிலேயே இறங்கிவிடுகிறது. எனவே டென்வருக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது, பனியையும் சேர்த்து, சுமார் 360 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஏப்ரல் முதல் ஜூலை வரை பெய்துவிடும். நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை மாதத்துக்குப் பத்து, பதினைந்து மில்லிமீட்டர் தேறினால் அதுவே வழக்கமான அளவு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காலம் என்றால், அவர்களுக்கு அதுதான் வறண்ட காலம்.

அடுத்தது புல். அந்தச் சமவெளியின் இயல்பான புற்கள் பஃபலோ புல்லும் ப்ளூ கிராமாவும். இரண்டும் கோடையில் வளர்பவை. பச்சையாக இருக்கும்போது இவற்றின் தண்டிலும் இலையிலும் ஈரம் நிறைந்திருப்பதால் தீ எளிதில் பிடிக்காது. டென்வர் பக்கம் முதல் உறைபனி சராசரியாக அக்டோபர் முதல் அல்லது இரண்டாம் வாரத்தில் விழுகிறது. அந்த ஓரிரு இரவுகளோடு புல்லின் வளர்ச்சி நின்று, மண்ணுக்கு மேலுள்ள பகுதி முழுவதும் காய்ந்து வைக்கோல் நிறமாகிறது. வேரும் குருத்தும் உயிரோடு கீழே உறங்கும். மேலே நிற்பதோ அசல் எரிபொருள். ஆகவே குளிர் வந்த பிறகும் ஏன் பயம் என்று கேட்பதைவிட, குளிர் வந்ததால்தான் பயம் என்று புரிந்துகொள்வது சரி. உறைபனிதான் அந்தப் புல்லைத் தீக்குத் தயார் செய்கிறது.

மரக்கட்டை காய வாரங்கள் ஆகும். புல் அப்படியில்லை. அதன் தாள் மெல்லியது என்பதால், சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கேற்ப ஒரு மணி நேரத்துக்குள் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் தீயணைப்பு நிபுணர்கள் இதை 'ஒரு மணி நேர எரிபொருள்' என்றே வகைப்படுத்துகிறார்கள். காலையில் பனித்துளியோடு நிற்கும் புல், வெயில் ஏறிக் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கினால், பிற்பகலில் தன் எடையில் மூன்று, நான்கு சதவீத ஈரத்தோடு மொறுமொறுவென்று நிற்கும். நேற்று தூறல் விழுந்ததே என்று அங்கே யாரும் நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

மே, ஜூன் மழை பற்றிக் கேட்டீர்கள். அந்த மழைதான் புல்லை அடர்த்தியாகவும் உயரமாகவும் வளர்க்கிறது. வறட்சி ஆண்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புல் இருந்தால், நடுவில் கிடக்கும் வெற்று மண்ணே தீயைத் தடுத்துவிடும். மழை ஆண்டில் அந்த இடைவெளி மறைந்து, புல் ஒரே விரிப்பாகி விடுகிறது. பிறகு மழை விலகி, வெதுவெதுப்பான இலையுதிர்காலம் மாதக்கணக்கில் நீண்டால், அபாயத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். ஈரமான வசந்தத்தை அடுத்து வரும் வறண்ட இலையுதிர்காலம்தான் அந்தச் சமவெளிக்கு மிகவும் பொல்லாதது.

இனி காற்று. கோவில்பட்டிக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். அதே காற்று மலை தாண்டி உங்கள் பக்கம் இறங்கும்போது, ஈரமெல்லாம் போய்ப் புழுதியைக் கிளப்பும் வறண்ட மேலைக்காற்றாக வீசும். ராக்கி மலையின் கிழக்குச் சரிவிலும் இதேதான் நடக்கிறது. மலை மட்டும் இன்னும் உயரம், காற்று இன்னும் வேகம். அதற்கு அங்கே 'சினூக்' என்று பெயர்.

கீழே இறங்கும் வறண்ட காற்று அழுத்தப்படுவதால், ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 9.8 டிகிரி செல்சியஸ் சூடாகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 மீட்டர் உயர மலைமுகட்டில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வருக்கு இறங்கும்போது 18 டிகிரியைத் தாண்டிவிடும். ஈரப்பதமோ சுமார் 13 சதவீதத்துக்கு விழுந்துவிடும். மலையில் உறைகுளிர், அடிவாரத்தில் வெறும் சட்டையோடு உலாவக்கூடிய இதமான வெயில். மகள் வீடியோ அழைப்பில் "இன்று அருமையான நாள் அப்பா" என்று சொல்லும் நாள்களில் சில இப்படிப்பட்டவை. தீயணைப்புப் படைக்கு அன்றைக்குத்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கோடை வெயில் இதைவிடக் கடுமையானதுதான். ஆனால் கோடையில் மேல்வானக் காற்றோட்டம் வலுவிழந்து வடக்கே ஒதுங்கியிருக்கும். இலையுதிர்காலம் தொடங்கும்போது அது தெற்கே இறங்கி வலுப்பெறுகிறது. பகல் வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழுமாகக் கலக்கும்போது, உயரத்தில் ஓடும் அந்த வேகக்காற்று தரைக்கு இறங்கிவிடும். காய்ந்த புல், வறண்ட காற்று, பலத்த வீச்சு ஆகிய மூன்றும் கோடையில் ஒன்றுசேர்வது குறைவு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அடிக்கடி சேரும்.

உங்கள் மகளுக்கு வரும் அறிவிப்புக்கு அடிப்படை இந்தக் கூட்டணிதான். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை இதை இரண்டு படியாக அறிவிக்கிறது. நிலைமை உருவாகலாம் என்று ஓரிரு நாள் முன்பே தெரிந்தால் 'ஃபயர் வெதர் வாட்ச்'. உறுதியாகிவிட்டால் 'ரெட் ஃபிளாக் வார்னிங்', அதாவது செங்கொடி எச்சரிக்கை. டென்வர் பகுதிக்குரிய அளவுகோல் இது: புல் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 15 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். காற்றின் வீச்சு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடவோ தாண்டவோ வேண்டும். இவை குறைந்தது மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். இந்த அளவுகோலில் வெப்பநிலை என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த எச்சரிக்கை எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று சொல்லவில்லை. இன்று ஒரு பொறி விழுந்தால் அணைக்க முடியாது என்கிறது.

காடில்லாத இடத்தில் தீ வீட்டை என்ன செய்துவிடும் என்ற உங்கள் ஐயத்துக்குப் பதிலாக ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அரோராவிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில், டென்வருக்கு வடமேற்கே லூயிவில், சுப்பீரியர் என்று இரண்டு ஊர்கள். மலைக்காட்டில் இருப்பவை அல்ல, புல்வெளியை ஒட்டிய புறநகர்கள். 2021 வசந்தத்தில் அங்கே நல்ல மழை, புல் செழித்தது. ஜூலைக்குப் பிறகு வானம் கைவிட்டது. டென்வரில் வழக்கமாக அக்டோபரில் வரும் முதல் பனிப்பொழிவு, அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதிதான் வந்தது. பதிவேடுகளில் அதைவிடத் தாமதமாக வந்ததே இல்லை.

டிசம்பர் 30 காலை மலையிலிருந்து இறங்கிய காற்றின் வீச்சு சில இடங்களில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டியது. 11 மணிக்குச் சற்றுப் பின் புல்வெளியில் தீ எழுந்தது. மாலைக்குள் 30,000க்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 'மார்ஷல் தீ' என்று அறியப்படும் அந்த விபத்தில் எரிந்த நிலம் சுமார் 6,000 ஏக்கர். காட்டுத்தீக் கணக்கில் இது சிறியதுதான். ஆனால் அழிந்த வீடுகள் ஆயிரத்துக்கும் மேல், சேதம் 200 கோடி டாலருக்கும் மேல். கொலராடோ வரலாற்றில் இத்தனை வீடுகளை வேறெந்தத் தீயும் அழித்ததில்லை. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மறுநாளே பனி கொட்டி எல்லாவற்றையும் மூடியது. ஒரே ஒரு நாள் முந்தி வந்திருந்தால் கதையே வேறு.

தீ எப்படித் தொடங்கியது என்று ஆராய்ந்த அதிகாரிகள், 2023 ஜூனில் இரண்டு மூலங்களைக் குறிப்பிட்டார்கள். ஒன்று, இடத்திலிருந்து பெயர்ந்து வந்த ஒரு மின்கம்பி. மற்றது, ஆறு நாள் முன்பு ஒரு வளாகத்தில் குப்பைக்கூளத்தை எரித்து, மண்போட்டு மூடிய இடம். மூடியவர்கள் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்கள். அடியில் கங்கு கனிந்துகொண்டே இருந்தது. ஆறாம் நாள் காற்று மண்ணை அகற்றிக் கங்கை வெளியே எடுத்தது. நெருப்பை மண்ணால் மூடுவது அணைப்பது ஆகாது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டால்தான் அணைந்ததாகப் பொருள்.

அங்கே வீடுகளை எரித்தது பெரும்பாலும் நெருப்புச் சுவரல்ல, பறந்து வந்த கங்குகள். காற்று அவற்றை வீட்டுக் கூரைக் கால்வாயில் கிடந்த சருகிலும், சுவரோரம் பரப்பிய மரத்தூளிலும், பரணுக்குக் காற்று போகும் திறப்பிலும் கொண்டு சேர்த்தது. வீட்டுக்கு வீடு நின்ற மரவேலி திரியாக மாறியது. ஒரு வீடு பற்றிக்கொண்டால், அதன் அனலும் பொறியும் அடுத்த வீட்டுக்குத் தாவின. புல் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். வீடு பல மணி நேரம் எரியும். அதன்பிறகு புல்வெளி தேவையே இல்லை, ஊரே எரிபொருள்.

சமவெளியின் உள்பகுதியில் வேறுவிதச் சேதம். அக்டோபர், நவம்பரில் அங்கே மக்காச்சோள அறுவடை. காய்ந்த தட்டைக்குள் அறுவடை இயந்திரம் ஓடும்போது, தேய்ந்த ஒரு பேரிங் சூடேறினாலே போதும். வண்டிக்குப் பின்னால் தரையில் உரசிக்கொண்டு வரும் டிரெய்லர் சங்கிலி நெடுஞ்சாலை ஓரம் முழுக்கப் பொறியைத் தூவிப் போகும். அங்கே பெரும்பாலான ஊர்களின் தீயணைப்புப் படையினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பகலில் விவசாயிகள், கடைக்காரர்கள். தீ கண்டால் பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டரில் சட்டிக்கலப்பையை மாட்டிக்கொண்டு வந்து, தீக்கு முன்னால் மண்ணைப் புரட்டித் தடுப்புக் கோடு போடுவார். தண்ணீர் வண்டி வரும்முன் பல தீக்களை நிறுத்தியது அந்தக் கலப்பைதான். காற்று மிஞ்சிய நாளில் அதுவும் பலிக்காது. 2021 டிசம்பர் 15 அன்று கான்சஸின் நான்கு மாவட்டங்களில் ஒரே புயல்காற்றில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது.

இதைவிடப் பெரியது 2024இல் டெக்சஸ் மாநிலத்தின் வடகோடியில் நேர்ந்தது. பிப்ரவரி 26 அன்று, உளுத்துப்போன ஒரு மின்கம்பம் சாய்ந்ததில் பிடித்த தீ, நான்கு நாளுக்குள் பத்து லட்சம் ஏக்கரைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. முதலில் மேலைக்காற்று தீயைக் கிழக்கு நோக்கி நீளமாக இழுத்துச் சென்றது. மறுநாள் குளிர்காற்றின் முன்விளிம்பு வந்து காற்று வாடைக்காற்றாகத் திரும்பியது. அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்த தெற்கு ஓரம் முழுவதும் அந்த நொடியில் தீயின் முகப்பாக மாறித் தெற்கே பாய்ந்தது. குளிர்காற்று வருகிறது என்ற செய்தி, அங்கே தீயோடு போராடுகிறவர்களுக்கு ஆபத்தின் செய்தி.

அந்தப் புல்வெளிக்குத் தீ புதிதல்ல. குருத்து மண்ணோடு மண்ணாக இருப்பதால், எரிந்த புல் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். பழங்குடி மக்கள் வேண்டுமென்றே தீமூட்டிப் புல்லைப் புதுப்பித்ததும் உண்டு. புதியது என்னவென்றால், புல்வெளிக்குள் நாம் நீட்டிய வீட்டு மனைகளும் மின்கம்பிகளும். கூடவே, உலக வெப்பம் ஏறுகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், காற்று கொள்ளக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். தாகம் கூடிய அந்தக் காற்று, மண்ணிலிருந்தும் புல்லிலிருந்தும் ஈரத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

இனி, மகள் வீட்டில் செய்ய வேண்டியவை. செலவு அதிகம் இல்லை, ஒரு சனி, ஞாயிறு போதும்.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. முதல் வேலை இதுதான். சருகு, மரத்தூள், அடுக்கிவைத்த விறகு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் அகற்றி, அந்த இடத்தில் சரளைக்கல் பரப்பலாம். கூரைக் கால்வாயில் சேர்ந்த இலையை வாரிவிட வேண்டும். பரணின் காற்றுத் திறப்புகளுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை போட வேண்டும். மரவேலி வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில், அந்தக் கடைசித் துண்டை மட்டும் உலோகமாக மாற்றினாலே திரி அறுந்துவிடும். வாடகை வீடு என்றால், வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எச்சரிக்கை வந்து சேரும் வழி. அங்கே வெளியேற்ற அறிவிப்பை அந்தந்த மாவட்ட நிர்வாகமோ நகரமோதான் கைபேசிக்கு அனுப்புகிறது. பல இடங்களில் நாமே எண்ணைப் பதிவுசெய்தால்தான் வரும். மார்ஷல் தீயின்போது பதிவு செய்யாத பலருக்குச் செய்தி கிடைக்கவில்லை. மகள், மாப்பிள்ளை இருவர் எண்ணும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கிளம்பும் தயாரிப்பு. பாஸ்போர்ட், விசா தாள்கள், பிறப்புச் சான்றிதழ்கள், மருந்து, கண்ணாடி, சார்ஜர் ஆகியவை ஒரே பையில், வாசலுக்கு அருகில் இருக்கட்டும். செங்கொடி நாளில் காரில் பாதி டேங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். பலத்த காற்று நாளில் மின்சாரம் போவது வழக்கம். தீ பயத்தால் மின்நிறுவனமே முன்கூட்டி நிறுத்துவதும் இப்போது உண்டு. எனவே கார் நிற்கும் கேரேஜ் கதவை மின்சாரமின்றிக் கையால் திறக்க, மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடியிருப்பிலிருந்து வெளியேற இரண்டு வழியாவது பழகியிருக்க வேண்டும். அவர்கள் இருவரும் வேலையில் இருக்கும்போது குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொள்வது யார் என்பதையும் இன்றே முடிவுசெய்யட்டும்.

நான்காவது, காப்பீடு. மார்ஷல் தீயில் வீடிழந்த பலருக்கு, மறுபடி கட்டும் செலவுக்குக் காப்பீட்டுத் தொகை எட்டவில்லை. கட்டுமானச் செலவு ஏறியதற்கேற்ப தொகை உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு அறையையும் கைபேசியில் வீடியோ எடுத்து இணையத்தில் சேமித்துவைத்தால், பின்னால் பட்டியல் எழுதும்போது கைகொடுக்கும்.

செங்கொடி பறக்கும் நாளில் முற்றத்தில் அடுப்பு, கிரில் கூடாது. புல்வெட்டும் இயந்திரம் கூடாது, கல்லில் பட்டால் பொறி பறக்கும். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தக் கூடாது, அடியில் உள்ள புகைக்குழாய்ச் சூடே புல்லைப் பற்றவைக்கும்.

பனி விழுந்துவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால், கனத்த பனி தரையை மூடியிருக்கும்வரைதான். அந்த ஊர் வெயிலுக்கும் சினூக் காற்றுக்கும் நாலைந்து நாளில் பனி காணாமல் போகும். அடியில் அதே காய்ந்த புல் காத்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் புதுப்புல் பச்சை கட்டும்வரை இந்த ஏற்பாடுகளைக் கலைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, ஐயா. பலத்த காற்றில் புல்தீயை ஆள் ஓடி முந்த முடியாது. மேட்டில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால் காலம் கடந்துவிடும். புகை கண்ணில் பட்டால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். பத்து முறை வீணாகக் கிளம்பினாலும் நஷ்டம் பெட்ரோல் மட்டும்தான். இந்த வாரம் மகளிடம் பேசும்போது, கைபேசி எண் பதிவாயிற்றா, சுவரோரச் சருகை அள்ளியாயிற்றா, ஆவணப் பை தயாரா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.